கணிப்பொறியில் ஒரு சிற்றில்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் பெருமக்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஒன்றைச் 'சிற்றில் சிதைத்தல்' என்று வகுத்தனர். தெருவிலே சிறுமியர் கூடி மணலைக் குவித்துச் சிறு வீடு கட்டுகின்றனர். நெருப்பில்லா அடுப்பில் மணற்சோறு சமைக்கின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அங்கே ஓடிவந்து அவ்வீட்டைக் காலால் கலைக்க முற்படுகின்றான். சிதைக்க வேண்டா என்று சிறுமியர் அவனை இரந்து நிற்கின்றனர். இனிமையான இக்காட்சியில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. குழந்தை தன் கையால் கட்டிய சிறிய உலகில்தான் பெரிய உலகத்தின் நடைமுறைகளைக் கற்றுக்கொள்கிறது என்பது ஒன்று. அச்சிறிய உலகைக் கலைக்க வல்ல கால் எப்போதும் வெளியேயிருந்து வரக்கூடும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டையும் நெஞ்சில் இருத்திக்கொண்டு, நம் காலனி வீடுகளில் மாலைதோறும் நிகழ்வதைச் சற்றே நோக்குவோம். பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை பலகாரத் தட்டை ஒரு புறமும் கணிப்பொறியை மறுபுறமும் வைத்துக்கொண்டு திரைக்குள் ஆழ்ந்துவிடுகின்றது. அத்திரைக்குள் ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் தெருவும் கோட்டையும் காடும் உண்டு. பெயர் மாற்றி உலவும் பிற பிள்ளைகளும் உண்டு. பெற்றோருள் ஒரு சாரார் படிப்பு பாழாகிறதென்று கணிப்பொறியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகின்றனர். மற்றொரு சாரார், பிள்ளை நிரல் எழுதப் பழகுகின்றான், நாளை பெங்களூரில் நல்ல உத்தியோகம் கிடைக்கும் என்று மகிழ்ந்து கதவைச் சாத்திவிட்டுப் போகின்றனர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் அத்திரைக்குள் எட்டிப் பார்த்தவரல்லர். குழந்தைகளுக்கு நிரல் கற்பிக்கவென்றே இத்தகைய சிறு உலகங்களை அமைக்கும் முயற்சி 1967ஆம் ஆண்டிலேயே வேர்கொண்டது என்பதையும், அதைச் செய்தவர்கள் எத்தகைய வேலிகளை அமைத்தார்கள் என்பதையும் அறிந்தால், பூட்டுவதா சாத்துவதா என்னும் வழக்கு வேறு வடிவம் பெறும் என்பது நம் கருத்து. ஆதலின் அவ்வரலாற்றை இம்மலரில் எடுத்துரைக்கத் துணிந்தோம்.

நிரல் என்பது யாது? கணிப்பொறி செய்ய வேண்டியதைப் படிப்படியாக, ஐயத்துக்கிடமின்றி எழுதிவைக்கும் கட்டளைத் தொடரே நிரலாகும். நம் பாட்டிமார் ஊறுகாய்ப் பக்குவம் சொல்லும்போது 'உப்பு வேண்டுமளவு' என்பார்கள். கேட்பவள் பெண்ணாயின் புரிந்துகொள்வாள். கணிப்பொறி விழித்து நிற்கும்.

இக்கலையைக் குழந்தைகளின் கையில் கொடுக்கலாம் என்று துணிந்தவர்களுள் முதன்மையானவர் சீமோர் பாப்பர்ட். 1928ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் பிறந்தவர், கணிதத்தில் துறைபோனவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவா நகரில் ழான் பியாஜே என்னும் பேரறிஞருடன் பணியாற்றினார். குழந்தை வெறுங்குடமன்று, அது தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பது பியாஜே கண்ட உண்மை. அவ்வுண்மையை உடன்கொண்டு அமெரிக்கா சென்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த பாப்பர்ட், வாலி ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் கூடி, 1967ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரத்துப் போல்ட் பெரானெக் நியூமன் நிறுவனத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு நிரல்மொழியை உருவாக்கினார். கிரேக்க மொழியில் சொல் என்று பொருள்படும் வேரிலிருந்து அதற்கு 'லோகோ' என்று பெயரிட்டனர். ஒரு கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதைத் தொடும் உரிமை கற்றறிந்த பொறியாளர் சிலருக்கே இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத் தரலாம் என்றவரைக் கண்டு பலர் நகைத்திருந்தால் வியப்பில்லை.

லோகோ பிறந்தபோது அதில் படமில்லை. சொற்களும் வாக்கியங்களுமே இருந்தன. அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பாப்பர்ட் தம் நூலில் குறிப்பிடுகின்றார். பள்ளியில் சுமாரான மதிப்பெண் வாங்கிவந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, கணிப்பொறி தானாகவே வாக்கியங்கள் அமைக்குமாறு நிரல் எழுத முனைந்தாள். சொற்களைக் கண்டபடி எடுத்தால் பொருளற்ற குவியலே வந்தது. சொற்களை இருவகையாகப் பிரித்து இடமறிந்து எடுத்த பின்னரே வாக்கியம் அமைந்தது. பெயர்ச்சொல், வினைச்சொல் என்று இலக்கண ஆசிரியர் ஏன் பிரித்தார் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கிற்று. பல ஆண்டுகள் மனப்பாடம் செய்தும் விளங்காதது, தனக்கு அது தேவைப்பட்ட நாழிகையில் விளங்கிவிட்டது. இலக்கணம் கற்பிக்கும் நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆசிரியர்கள் இதனை ஊன்றி நோக்குவார்களாக.

பின்னர் வந்தது ஆமை. 1940களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் மூளையியல் அறிஞர், ஒளியை நாடி ஊர்ந்து செல்லும் சிறு பொறிகளைச் செய்து அவற்றை ஆமைகள் என்றழைத்தார். அப்பெயரையே கொண்டு, லோகோவின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தரையில் ஊரும் பொறியொன்றைப் பாப்பர்ட்டின் குழுவினர் அமைத்தனர். வயிற்றில் ஓர் எழுதுகோல் பொருத்தப்பட்டிருந்ததால் அது சென்ற வழியெல்லாம் தாளில் கோடு விழுந்தது. பின்னர் அவ்வாமை திரைக்குள் புகுந்து ஒரு சிறு முக்கோணமாயிற்று. முன்னே 100, வலம் 90 என்னும் இரண்டு கட்டளைகளை நான்கு முறை சொன்னால் சதுரம் பிறக்கும்.

இப்போது முக்கோணத்துக்கு வருவோம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று பள்ளியில் படித்த பிள்ளை, முன்னே 100, வலம் 60 என்று மூன்று முறை எழுதுகின்றது. ஆமையோ முக்கோணத்தை மூடாமல் எங்கோ விலகிப் போய்விடுகின்றது. ஆசிரியர் தவறென்று சிவப்பு மையால் கோடு கிழிக்கவில்லை, காதைத் திருகவுமில்லை. ஏன் இப்படி என்று வியந்த பிள்ளை எழுந்து நின்று, தானே ஆமையாகித் தரையில் நடந்து பார்க்கின்றது. முனையில் தன் உடல் திரும்ப வேண்டிய அளவு முக்கோணத்தின் உள்ளேயுள்ள 60 அன்று, வெளியே உள்ள 120 என்று கண்டுகொள்கின்றது. மூன்று 120, நான்கு 90, ஆறு 60 ஆகிய எல்லாம் 360. எவ்வுருவைச் சுற்றிவந்தாலும் ஆமை ஒரு முழு வட்டம் திரும்பியே தீரும் என்னும் பெரிய உண்மை, பிழையின் வாயிலாகவே கைக்கு வந்துவிடுகின்றது. அந்த 60ஐயே ஆறு முறை ஓடவிட்டால் அழகிய அறுகோணம்! பிழையே புதிய உருவாகப் பூத்த இத்தகைய இடத்தைத்தான் நாம் முதற்கண் பாதுகாப்பான உலகம் என்கின்றோம். அங்கே தவறு செய்தவனுக்குத் தீங்கில்லை, மானக்கேடுமில்லை.

1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் தம் நூலில் பாப்பர்ட் சொன்ன ஓர் உவமை, தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு மற்ற எவரையும்விட நன்றாக விளங்கும். பிரெஞ்சு மொழியை அமெரிக்கப் பள்ளியில் பல ஆண்டு படித்தும் பேச வராத பிள்ளை, பிரான்சு நாட்டில் வளர்ந்திருந்தால் தானாகவே பேசியிருக்கும். அதுபோலக் கணிதமே பேச்சுமொழியான ஒரு நாடு இருந்தால் கணிதமும் தானே வரும் என்பது அவ்வுவமை. நம் காலனிப் பிள்ளைகள் இந்தி பேசக் கற்றது எந்த ஆசிரியரிடம்? மைதானத்தில் பந்தடித்தபோது கற்றார்கள். படிக்கட்டில் அமர்ந்து சண்டையிட்டபோது கற்றார்கள். அதே பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் தமிழைப் பலகையில் எழுதிக் காட்டினால் கொட்டாவி வருகின்றது. உலகம் அமைந்துவிட்டால் மொழி ஒட்டிக்கொள்ளும். ஆமையின் உலகம் அவ்வாறு அமைக்கப்பட்ட கணித நாடு.

இவ்விடத்தில் நம்மவர் பெருமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். முற்றத்தில் புள்ளிவைத்து இழை இழுக்கும் நம் பெண்கள் பரம்பரை பரம்பரையாகச் செய்துவருவதும் ஒருவகை நிரலே அன்றோ? 1974ஆம் ஆண்டில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணிப்பொறியியல் இலக்கண விதிகளால் விளக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பிற்காலத்தில் வெளிநாட்டு அறிஞர்கள் அவ்விதிகளின் வழியே சென்று, ஆமைக் கட்டளைகளைக் கொண்டே நம் கோலங்களைத் திரையில் வரைந்து காட்டினர். மார்கழி மாதத்து வாசலும் மாசசூசெட்ஸ் ஆய்வகமும் இங்ஙனம் ஓரிடத்தில் சந்தித்துக்கொண்டன.

லோகோவின் புகழ் ஓங்கிய காலத்திலேயே அதனை மறுத்தவர்களும் இருந்தனர். 1984ஆம் ஆண்டில் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லண்ட் என்னும் இருவர், லோகோ பயின்ற பிள்ளைகள் பிற வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றப் பிள்ளைகளைவிடத் தேறியிருக்கவில்லை என்று ஆராய்ந்து கூறினர். பாப்பர்ட் இதற்கு விடையிறுத்தார்: கணிப்பொறி பிள்ளையை என்ன செய்தது என்று கேட்பது தவறு, அதைக்கொண்டு அந்த வகுப்பறையில் மனிதர் என்ன செய்தனர் என்று கேட்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆமையைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் வெளியேறிய அறையில் பிள்ளைகள் கோடு கிறுக்கிக் கலைந்தார்கள். ஆசிரியர் உடனிருந்து, இப்போது ஆமை எங்கே திரும்பும் என்று வினவிய அறையில் அவர்கள் கற்றார்கள் என்றே நாம் கொள்கிறோம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1984ஆம் ஆண்டில் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தின் வாயிலாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ என்னும் பிரிட்டானியக் கணிப்பொறிகளை வழங்கிற்று. நம்முள் நடுவயது கடந்த சிலர் அப்பொறியை, செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய குளிர்ந்த அறையில் தொலைவில் நின்று கண்டிருப்பர். பொறி வந்ததே தவிர, அதற்குள் குடியேறத் தக்க ஓர் உலகம் அப்பிள்ளைகளுக்கு வாய்த்தது அரிது. 2007ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் கர்ஜத் வட்டாரத்துக் கைராத் என்னும் சிற்றூர்ப் பள்ளியில், குழந்தைக்கொரு மடிக்கணினி என்னும் உலகத் திட்டத்தின் பச்சை வண்ணப் பொறிகள் வழங்கப்பட்டன. அத்திட்டத்துக்குத் தூண்டுகோலாயிருந்தவர்களுள் பாப்பர்ட்டும் ஒருவர். அப்பொறிகளுக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளுள் ஆமையும் இருந்தது. கேரள அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நிரல் பழக்கி வருவது இத்துறையில் நாம் மெச்சத்தக்க முயற்சி.

இதுவரை நாம் கண்ட உலகங்களில் குழந்தை தனியே இருந்தது. 1981ஆம் ஆண்டில் ரிச்சர்ட் பாட்டிஸ் என்பவர் கல்லூரி மாணவருக்காக ஆக்கிய 'கேரல்' என்னும் இயந்திர மனிதனின் ஊரும் அத்தகையதே. குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள், இடையிடையே சுவர்கள், சுவரில் முட்டப் போனால் கேரல் தானாகவே நின்றுவிடுவான். தன் பிழையினின்றும் பிள்ளையைக் காக்கும் வேலியை இவ்வாறு பொறியாளர் செவ்வனே கட்டிவிட்டனர். பிறரிடமிருந்து காக்கும் வேலியோ பின்னர்தான் தேவைப்பட்டது.

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் வளர்க்க, பலர் ஒரே வேளையில் புகுந்து உலவத்தக்க எழுத்து வடிவான உலகம் ஒன்று தோன்றிற்று. அதில் படமில்லை. நீங்கள் ஒரு குகைவாயிலில் நிற்கிறீர்கள் என்பது போன்ற வருணனையே காட்சி. இவ்வழியில் வந்த 'லாம்டாமூ' என்னும் உலகை 1990ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பாவெல் கர்ட்டிஸ் அமைத்தார். அதன் புதுமை யாதெனின், புகுந்தவர்களே நிரல் எழுதி அறைகளையும் பொருள்களையும் படைக்கலாம் என்பது. படைக்கும் ஆற்றல் வந்த இடத்தில் சிதைக்கும் ஆற்றலும் வந்தது. 1993ஆம் ஆண்டில், ஒருவன் தான் ஏவிய நிரலால் பிறருடைய பாத்திரங்கள் இழிசெயல் புரிவதாக அனைவர் திரையிலும் காட்டினான். அந்நிகழ்ச்சியைப் பற்றி ஜூலியன் டிபல் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. வெறும் எழுத்துதானே என்று சிலர் கூறினர். இழிவுபடுத்தப்பட்டவர்கள் கண்ணீர் வடித்தது வெறும் எழுத்தன்று. மணல்தானே என்று சிற்றில் கட்டிய சிறுமியரிடம் சொன்னால் ஒப்புவார்களா?

இத்தகைய உலகில் குழந்தைகளைக் குடியேற்றலாமா? வேண்டாவென்று விலகியிருப்பதே எளிது. ஆயினும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாயிருந்த ஏமி பிரக்மன் என்னும் பெண்மணி விலகவில்லை. 1990களின் நடுப்பகுதியில் அவர் எட்டு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக 'மூஸ் கிராசிங்' என்னும் எழுத்துலகை அமைத்தார். பிள்ளைகள் அதில் பேசும் பென்குவின்களையும், கொஞ்சினால் குழைந்தும் அதட்டினால் ஓடியும் போகும் செல்லப் பிராணிகளையும் நிரலெழுதிப் படைத்தனர். கதை எழுதுவதும் நிரல் எழுதுவதும் அங்கே ஒன்றாகவே நிகழ்ந்தன. ஒரு பிள்ளை செய்த பொம்மையின் நிரலைப் பிரித்துப் பார்த்து மற்றொரு பிள்ளை கற்றது; ஐயம் எழுந்தால் அதே பிள்ளையைக் கேட்டது. பெற்றோரின் எழுத்து மூலமான இசைவின்றி எவரும் சேர்க்கப்படவில்லை. வயது வந்தவர்கள் மறைந்து திரியவில்லை. காவலர் என்று பொருள்படும் தனிப் பெயரோடு, எல்லோரும் அறியவே உலவினர். பிரக்மனும் பெரும் பொழுதை அவ்வுலகிலேயே கழித்தார்.

இங்கே நம் பெற்றோர் கருத்தூன்ற வேண்டிய மற்றொரு செய்தி உண்டு. அவ்வுலகின் பிள்ளைகள் அனைவரும் ஒன்றுபோல் கற்றுவிடவில்லை. சிலர் வியக்கத்தக்க நிரல்களை எழுதினர். பலர் அரட்டையோடு நின்றுவிட்டனர். இதைத் தம் ஆய்வுகளில் அவர் மறைக்காமல் எழுதினார். சிறுவர், சிறுமியர் என்னும் வேற்றுமை இதற்குக் காரணமன்று, முன் பழக்கமும் செலவிட்ட காலமுமே காரணம் என்றும் கண்டார். பெண்ணுக்கு இதெல்லாம் வராது என்னும் பேச்சு இன்றும் நம் வீடுகளில் காதில் விழுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

2007ஆம் ஆண்டு மே மாதம் வெளியான 'ஸ்கிராட்ச்' இவ்வழியில் வந்த பேராலமரம். பாப்பர்ட்டிடம் பயின்ற மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவினர் படைத்தது. இதில் கட்டளைகளைத் தட்டெழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டளையும் ஒரு வண்ணக் கட்டை. பொருந்தும் கட்டைகளே ஒன்றோடொன்று ஒட்டும். ஆதலால் எழுத்துப் பிழை, நிறுத்தற்குறிப் பிழை என்ற தொல்லை இல்லை. ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று ஆமையின் இடத்தில் நின்று ஆடிப் பாடும். பிள்ளைகள் தாம் செய்ததை உலகறிய வெளியிடலாம். பிறர் வெளியிட்டதை எடுத்து மாற்றிக் கட்டலாம். பதிவு செய்துகொண்டோர் தொகை 10 கோடியைக் கடந்துவிட்டது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் எத்தகைய வேலி? ஒருவர்க்கொருவர் மறைவாகச் செய்தி அனுப்பும் வசதியை அதை அமைத்தவர்கள் வைக்கவேயில்லை. எவர் எது சொன்னாலும் நடுக்கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். தகாதது கண்டால் பிள்ளைகளே முறையிடலாம். முறையீட்டைப் பார்க்க ஊதியம் பெறும் மனிதர்கள் உள்ளனர். ஐந்து முதல் ஏழு வயது வரையிலான சிறாருக்கு 2014ஆம் ஆண்டில் வந்த 'ஸ்கிராட்ச் ஜூனியர்' அயலார் கூட்டமே இல்லாமல் அமைந்தது.

ஸ்கிராட்ச் உலகில் தொடக்கத்திலேயே ஒரு வழக்கு எழுந்தது. என் ஆட்டத்தைத் திருடிவிட்டான் என்று பிள்ளைகள் முறையிட்டனர். நடத்தியவர்கள், எடுத்தாண்ட ஆட்டத்தின் அடியில் மூலத்தைச் செய்தவர் பெயர் தானாகவே பொறிக்கப்படுமாறு ஏற்பாடு செய்தனர். அதனாலும் பிள்ளைகளின் மனம் ஆறவில்லை. ஆண்ட்ரெஸ் மொன்ராய் எர்னாண்டஸ் முதலியோர் இதனை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இயந்திரம் பொறித்த பெயரைவிட, எடுத்தவன் தன் கையால் எழுதிய ஒரு வரி நன்றியையே பிள்ளைகள் பெரிதாக மதித்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. பொறியால் ஆகாத காரியம் ஒன்று உண்டு என்பதை எட்டு வயதுப் பிள்ளைகள் நன்கறிந்திருந்தனர்.

நம் காலனியில் வீட்டுக்கு வீடு ஒலிக்கும் பெயர்கள் வேறு இரண்டு. 'மைன்கிராஃப்ட்' 2011ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளிவந்த கட்டைகளாலான உலகம். கட்டுவதும் இடிப்பதுமே அங்கே தொழில். அதே ஆண்டில் நியூயார்க் ஆசிரியர் ஜோயல் லெவின் பின்லாந்துக்காரர் சிலருடன் கூடி அதைப் பள்ளிக்கு ஏற்றதாக்கினார். ஆட்டம் எல்லை மீறும்போது ஆசிரியர் ஒரு சொடுக்கில் மாணவர் அனைவரையும் அசையாமல் நிறுத்தலாம். எந்த ஆசிரியருக்குத்தான் இவ்வரம் வேண்டாம்! 2016ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அம்முயற்சியை விலைக்கு வாங்கிப் பள்ளிகளுக்கெனத் தனிப் பதிப்பு வெளியிட்டது. அதில் பிள்ளை எழுதும் நிரலுக்குக் கீழ்ப்படிந்து கட்டை அடுக்கும் சிறு இயந்திர ஏவலன் நம் பழைய ஆமையின் பேரன் என்றே சொல்லலாம்.

மற்றொன்று 2006ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட 'ரோப்லாக்ஸ்'. அதைத் தோற்றுவித்த இருவருள் ஒருவராகிய டேவிட் பசூக்கி, 1989ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கான இயற்பியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் திரையில் படைத்தவர். அதாவது இதுவும் கல்வியின் வயிற்றில் பிறந்த பிள்ளைதான். லுவா என்னும் நிரல்மொழியில் எவரும் இதில் ஆட்டம் கட்டலாம். நாள்தோறும் கோடிக்கணக்கானோர் கூடுகின்றனர். ஆயின் இது பள்ளிக்கூடமன்று, சந்தை. விலை கொடுத்து வாங்கும் நாணயம் இதில் உண்டு. அயலார் பேச்சும் உண்டு. குழந்தைகளின் பாதுகாப்பைக் காரணங்காட்டித் துருக்கி நாடு 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதனைத் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில், பதின்மூன்று வயது நிரம்பாதவர்கள் ஆட்டத்துக்கு வெளியே தனிச்செய்தி பரிமாறுவதை அந்நிறுவனமே நிறுத்தியது. மறைவான பேச்சுக்கு இடந்தரலாகாது என்று ஸ்கிராட்ச் குழுவினர் முதல் நாளே கொண்ட முடிவுக்கு வந்துசேர அதற்கு எத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன என்பதைப் படிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

2020ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில் நிரல் பயிற்சி தொடங்கப்படும் என்றது. நோய்த்தொற்றினால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாட்கள் அவை. உங்கள் ஆறு வயது மகன் நிரல் எழுதவில்லையா என்று பெற்றோரை அச்சுறுத்தும் விளம்பரங்கள் தொலைபேசி வழியாகவும் வந்தன. நம் காலனியிலும் சில குடும்பங்கள் ஆண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டி, சில மாதங்களில் ஆசிரியரையும் காணாது பணத்தையும் காணாது நின்றன. ஆமையும் பூனையும் விலையின்றிக் கிடைக்கும்போது, அச்சத்தை விலைகொடுத்து வாங்கியதுதான் நம் பேதைமை.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டிலேயே, பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் செய்திகளைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டலாகாது என்று விதித்தனர். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வயதை 18 ஆக வைத்தது; பெற்றோரின் இசைவு சரிபார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்றும், குழந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டுதல் கூடாது என்றும் விதித்தது. நல்ல விதியே. ஆயினும் இசைவு கேட்டு வரும் கட்டத்தைப் படியாமல் விரலால் தொட்டுவிடும் தந்தைக்குச் சட்டம் என்ன செய்ய இயலும்? பிரக்மன் கேட்ட கையொப்பத்துக்கு முன்னால், பிள்ளை எங்கே போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று பெற்றோர் அறிந்திருந்தனர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். கட்டளைகளெல்லாம் ஆங்கிலத்தில்தான் அமைய வேண்டும் என்பதில்லை. முத்தையா அண்ணாமலை என்னும் தமிழன்பர் 2007ஆம் ஆண்டு முதல் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைப் பள்ளிப் பிள்ளைகளை எண்ணி உருவாக்கி, 2009ஆம் ஆண்டில் அதைப் பற்றிய கட்டுரையையும் வெளியிட்டார். பதிப்பி என்றால் திரையில் எழுத்து விழும். ஆனால் என்றால் நிபந்தனை. முடி என்றால் முடியும். இதனால் நாளை உத்தியோகம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு நம்மிடம் விடையில்லை. வீட்டுப் பேச்சுக்கு மட்டுமே தமிழ் என்று எண்ணி வளரும் பிள்ளைக்கு, தான் சொன்ன தமிழ்ச் சொல்லுக்குப் பொறியொன்று கீழ்ப்படிவதைக் காண்பது புதிய காட்சியாயிருக்கும்.

இவற்றையெல்லாம் எண்ணியே, சங்கத்தின் நூலக அறையில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்த பின்னர் ஒரு மணி நேரம் கணிப்பொறிகளைத் திறந்துவைக்கச் செயற்குழு இசைந்துள்ளது. சிறியவர்களுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், பெரியவர்களுக்கு ஸ்கிராட்சும் எழிலும். பெரியோர் இருவர் முறைவைத்து உடனிருப்பர். அவர்களுக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, இப்போது பூனை எங்கே திரும்பும் என்று பிள்ளைகளைக் கேட்கத் தெரிந்தால் போதும். இதற்கு இசைவோர் தம் பெயரைச் செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் நாள் கணிப்பொறிக்கு வேலையில்லை. ஒரு பிள்ளை ஆமையாக நிற்க, மற்றொரு பிள்ளை கட்டளையிட, சாக்குக்கட்டியால் தரையில் சதுரமும் முக்கோணமும் வரையப்படும். பெற்றோர் அமர்வதற்குச் சுவரோரம் பாய் விரித்திருக்கும்.